வளையில் நண்டு உண்டா?

வீராம்பட்டினத்துப் பெண்கள் அவரைப் பார்த்து முதன்முதலில் சிரித்தது அவர் பந்தை அடித்தபோது இல்லை, கீழே போட்டபோது. கோல்ஃப் ஆட்டத்தில் பந்து எங்கே போய்க் கிடக்கிறதோ அங்கிருந்தே அடுத்த அடி அடிக்க வேண்டும்; குறைந்த அடியில் முடித்தவனுக்கு ஜெயம். மழைத் தண்ணீர், நண்டு வளை மாதிரி சில தடைகளில் விழுந்துவிட்டால் மட்டும் தண்டமாக ஒரு அடி கூட்டிக்கொள்ளாமல் கையால் எடுத்துப் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம். இதற்கு நாங்கள் வைத்திருந்த பெயர் 'சும்மா எடுப்பு'. போடுவதற்கு அந்தக் காலத்தில் ஒரு முறை இருந்தது. குழி இருக்கும் திசையைப் பார்த்து நிமிர்ந்து நின்று, பந்தைத் தோளுக்கு மேலாகப் பின்பக்கம் விட வேண்டும். விழுந்து ஓயும்வரை திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது அவராகச் சேர்த்துக்கொண்டது.

பந்தைத் தோளில் ஏந்தி, கண்ணை நேரே வைத்து, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு அவர் நின்ற நிலையைப் பார்த்தால் சுடுகாட்டில் கொள்ளிக்குடம் உடைக்கிற மூத்த மகன் நினைவுதான் யாருக்கும் வரும். கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்களில் வாய்த்துடுக்கான ஒருத்தி கேட்டுவிட்டாள்.

“யாருக்கு ஐயா கொள்ளி வெக்கிறீங்க?”

பந்து விழுந்த சத்தம் கேட்ட பிறகு அவர் திரும்பினார். சிரிக்கவில்லை. “இன்னும் யாரும் சாவலம்மா. பந்து நண்டு வளையில வுழுந்துடுச்சு” என்றார். அந்தப் பெண்கள் அன்று முழுக்கச் சிரித்தார்கள்.

எங்கள் ஊரில் கோல்ஃப் இருந்தது என்றால் இப்போது யாரும் நம்புவதில்லை. நான் வேலை பார்த்த மில்லில் இங்கிலீஷ்கார துரை ஒருவர் இருந்தார். பிரெஞ்சுக்காரர் ஊரில் வந்து மாட்டிக்கொண்டதால் அவருக்குப் பொழுது போகவில்லை. அரியாங்குப்பம் ஆற்றைத் தாண்டி, வீராம்பட்டினத்துக்குப் போகிற வழியில், தென்னந்தோப்புக்கும் கடலுக்கும் நடுவே கிடந்த மணல்வெளியை மில் பெயரில் குத்தகைக்கு எடுத்து ஐந்து குழிகள் வெட்டினார். குழியைச் சுற்றிப் புல் வளர்க்கப் பார்த்தார், ஆடுகள் விடவில்லை. கடைசியில் இன்ஜினில் கழிந்த எண்ணெயை மணலோடு பிசைந்து வட்டமாகப் பரப்பிவிட்டார். உலகத்தில் எல்லா இடத்திலும் குழியைச் சுற்றிப் பச்சையாக இருக்குமாம். எங்கள் ஊரில் கறுப்பு.

ஐம்பத்து நாலில் பிரெஞ்சுக் கொடி இறங்கியது. துரையும் கொஞ்ச நாளில் கப்பல் ஏறிவிட்டார். மட்டைகளையும் பந்துகளையும் விதிப்புத்தகத்தையும் மில் ஸ்டோரில் ஒப்படைத்தார்கள். ஸ்டோர் கீப்பர்தான் நம்மவர். ஒல்லி ஆள், தடித்த கண்ணாடி, முழங்காலுக்குக் கீழே தொங்கும் காக்கி அரைக்கால் சட்டை. இரண்டு காதிலும் இரண்டு பென்சில் செருகியிருப்பார். இடது காதில் இருப்பது மில் பென்சில், மில் வேலைக்கு. வலது காதில் இருப்பது சொந்தப் பென்சில். ஞாயிற்றுக்கிழமை ஆட்டச் சீட்டில் அடிகளை எழுத வலது காதுப் பென்சிலைத்தான் எடுப்பார். ஒரு நாள் அது முனை உடைந்துபோக, இடது காதுப் பென்சிலால் எழுதலாமே என்றேன். பிறத்தியார் பல்குச்சியால் பல் விளக்கச் சொன்ன மாதிரி என்னைப் பார்த்தார்.

நான் அந்த மில் ஆபீசில் பிரெஞ்சுக் கடிதங்களைத் தட்டச்சு செய்கிறவன். எங்கள் ஆபீசில் பியூனுக்குக்கூடப் பிரெஞ்சு பேச வரும். இங்கிலீஷ் தெரிந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அவர் கடலூர்க்காரர், இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தவர். துரை விட்டுப்போன விதிப்புத்தகமோ முழுக்க இங்கிலீஷ். ஆக, ஞாயிறு காலையில் ஆடிய எங்கள் ஆறு பேரில் புத்தகம் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். சட்டம் தெரிந்தவன் ஒருவன், தெரியாதவன் ஐந்து பேர் என்றால் அந்த ஐந்து பேர் பிழைப்பு என்ன ஆகும் என்று ஊர் உலகத்தில் பார்த்திருக்கிறோம். நாங்களும் கொஞ்ச நாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவரைக் கவனித்தோம். அந்த ஆளோ புத்தகத்தைத் திறந்தால் தன் தலையில்தான் போட்டுக்கொள்வார்.

நண்டு வளை விவகாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மணலில் நாலு தப்படிக்கு ஒரு வளை. எங்கள் பந்து வளைக்குள் போய் உட்கார்ந்தால், “சார், நண்டு வளை” என்று நாங்கள் சொன்னால் போதும். பார்க்கக்கூட வராமல் “எடுத்துக்கப்பா” என்பார். அவர் பந்து விழுந்தால் கதையே வேறு. மணலில் குப்புறப் படுத்துவிடுவார். கண்ணாடியைக் கழற்றி, ஒரு கண்ணை மூடி, மற்ற கண்ணை வளையில் வைத்துப் பார்ப்பார். நண்டு உள்ளே குடியிருந்தால்தான் அது நண்டு வளை, காலி செய்துவிட்டுப் போயிருந்தால் வெறும் பள்ளம், வெறும் பள்ளத்துக்குச் சும்மா எடுப்பு கிடையாது என்பது அவர் கட்சி. ஒரு தடவை நண்டு வெளியே வருகிறதா என்று கால் மணி நேரம் காத்துக் கிடந்தார். நாங்கள் ஐந்து பேரும் மட்டையை ஊன்றிக்கொண்டு வெயிலில் நின்றோம். கடைசியில் நண்டு வந்தது. பக்கத்து வளையிலிருந்து வந்தது. அது வேறு வீடு என்று சொல்லிவிட்டு, பள்ளத்துக்குள் இருந்தபடியே அடித்து, நாலு அடி வீணாக்கிவிட்டுத்தான் அந்த மனுஷன் வெளியே வந்தார்.

காற்று விஷயமும் அப்படித்தான். ஒரு நாள் அடிப்பதற்காக மட்டையைப் பந்தின் பின்னால் கொண்டுபோய் வைத்தார். கடற்காற்று பந்தை ஒரு நெல்மணி அளவு உருட்டிவிட்டது. எங்களுக்கும் அவருக்கும் நடுவே ஒரு மணல்மேடு. யாரும் பார்க்கவில்லை. மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் மட்டும் வந்தது: “எனக்கு ஒரு அடி தண்டம். எழுதிக்குங்க.” அந்த ஒரு அடியில்தான் அந்த வருஷத்துக் கோப்பை போயிற்று. கோப்பை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம், துரை விட்டுப்போன பித்தளைத் தம்ளர்தான். ஆனாலும் அதை ஜெயித்தவன் நான் என்பதால் இந்தச் சம்பவம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கொஞ்சம் கால் நீளம். பந்து மோசமான இடத்தில் கிடந்தால், குனிந்து பார்க்கிற சாக்கில் பெருவிரல் தானாக நீண்டு ஒரு தள்ளு தள்ளிவிடும். அவருக்கு அது தெரியும் என்று எனக்கும் தெரியும். ஒரு நாளும் கேட்டதில்லை. ஆட்டம் முடிந்து தென்னை நிழலில் உட்கார்ந்து, வலது காதுப் பென்சிலை எடுத்து, “எத்தனை?” என்பார். ஏழு என்று சொன்னால் உடனே எழுத மாட்டார். பென்சிலைச் சீட்டுக்கு மேலே ஒரு விரல்கடை உயரத்தில் நிறுத்தி, ஒரு மூச்சு விட்டு, அப்புறம் ஏழு என்று எழுதுவார். அந்த ஒரு மூச்சு இருக்கிறதே, அதைத் தாங்க முடியாது.

ஒரு ஞாயிறு வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு இலையில் உட்கார்ந்தேன். சோறு இறங்கவில்லை. கை கழுவிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு கதிர்காமத்தில் இருந்த அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த அவர் சம்சாரம் என் முகத்தைப் பார்த்ததுமே வழிவிட்டார்.

“இந்த மாசம் நீங்க நாலாவது ஆளு தம்பி. உள்ள வாங்க, காபி குடிச்சிட்டு அப்புறமா சொல்லுங்க” என்றார்.

காபி குடித்தேன். ஏழு இல்லை, எட்டு என்று சொன்னேன். அவர் “சரிப்பா” என்று சொல்லிச் சீட்டை எடுத்துத் திருத்தினார். அவ்வளவுதான். மற்ற மூன்று பேர் யார் யார் என்று அந்த அம்மாவிடம் எவ்வளவோ நைச்சியமாகக் கேட்டுப் பார்த்தேன், அவரும் சொல்லவில்லை. ஜாடிக்கேற்ற மூடி.

இந்தக் குணம் மணல்வெளியோடு நின்றிருந்தால் தேவலை. கடலூரில் மதுவிலக்கு, எங்கள் ஊரில் கடை திறந்திருக்கும் காலம் அது. ஆபீசில் ஒருவர் ஓய்வு பெற்றார். விருந்தில் பிராந்தி பரிமாறினார்கள். நம்மவரும் மரியாதைக்கு ஒரு கிளாஸ் குடித்தார். அன்றைக்கே கடலூரில் ஒரு கல்யாண வரவேற்பு. நாலைந்து பேராகச் சாயங்கால பஸ்ஸில் கிளம்பினோம். எல்லையில் பஸ்ஸை நிறுத்திச் சோதனை போட்டார்கள். மூட்டைக்குள், இடுப்பில், இளநீர்க் காய்க்குள் ஒளித்துக்கொண்டு வந்தவர்கள் எல்லாம் கல் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். சோதனைக்காரர் இவரிடம் வந்து ஏதாவது இருக்கிறதா என்று வழக்கமாகக் கேட்டார்.

“பையில இல்லீங்க. வயித்துல ஒரு கிளாஸ் இருக்கு” என்றார் இவர்.

பஸ் முக்கால் மணி நேரம் நின்றது. சோதனைக்காரர் பாவம், நல்ல மனுஷன். காதில் விழாத மாதிரி போய்விடப் பார்த்தார். இவர் விடவில்லை. குடித்துவிட்டு எல்லை தாண்டுவதும் குற்றம்தானே, மதுவிலக்குச் சட்டத்தில் என்ன போட்டிருக்கிறது என்று அவருக்கே எடுத்துச் சொன்னார். கடைசியில் சோதனைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டு, கீழே இறங்கித் திரும்பிப் போய்விடுங்கள், நான் உங்களைப் பார்க்கவே இல்லை என்றார். இவர் இறங்கி ஊருக்கு நடந்தே போனார். பஸ்ஸில் இருந்தவர்கள் கடலூர் வரைக்கும் அவரைத் திட்டினார்கள். நானும் திட்டினேன். என் பையில் ஒரு சின்ன பாட்டில் இருந்தது.

எதற்கெடுத்தாலும் அவரிடம் ஒரே கேள்விதான்: “தானா வந்ததா, நாம செஞ்சதா?” வழியில் வந்த தடை தானாக வந்தது என்றால் சும்மா எடுப்பு உண்டு. நாமே செய்துகொண்டது என்றால் கிடையாது, பட்டுத்தான் தீர வேண்டும். சைக்கிள் டயரில் முள் குத்தி ஆபீசுக்கு நேரம் கழித்துப் போனால், அது தானாக வந்தது. நேற்றே காற்று இறங்கியிருந்ததைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்திருந்தால், நாம் செய்தது. என் மனைவி கோபித்துக்கொண்டு நாலு நாள் பேசாமல் இருந்தபோது அவரிடம் போய் அழுதேன். விவரமெல்லாம் கேட்டுக்கொண்டார். “இதுல சும்மா எடுப்பு கெடையாதுப்பா. கெடக்குற எடத்துலேந்தே அடி” என்றார்.

இப்போது வலைகளுக்கு வருகிறேன். அந்த மணல்வெளி துரை வருவதற்கு முன்பே வீராம்பட்டினத்து மீனவர்கள் வலை காயப்போடுகிற இடம். அந்தக் காலத்து வலை எல்லாம் பருத்தி நூல். கடலிலிருந்து வந்த அன்றே விரித்துக் காயவைக்காவிட்டால் மக்கிப் போகும். வலை போனால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. துரை காலத்தில் இதில் தகராறே வந்ததில்லை. வலையும் கிடக்கும், ஆட்டமும் நடக்கும். பந்து வலையில் விழுந்தால் சும்மா எடுத்துத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு ஆடுவோம். துரை சொன்னார், நாங்கள் செய்தோம்.

துரை போய் நாலு வருஷம் கழித்துச் சென்னையிலிருந்து ஒரு புது மானேஜர் வந்தார். பெரிய ஊர்களில் பெரிய மைதானங்களில் ஆடியவர். நிறைய ஆடுகிறவர்கள் புத்தகத்தைத் திறப்பதில்லை, அவரும் திறந்ததில்லை. முதல் ஞாயிறே அவருடைய நல்ல அடி ஒன்று வலைக்குள் போய்ச் சிக்கிக்கொண்டது. மனுஷனுக்கு முகம் சிவந்துவிட்டது. இதெல்லாம் என்ன குப்பை, நாளைக்கே அள்ளிப் போட்டுச் சுற்றிலும் வேலி அடிக்கச் சொல்கிறேன் என்றார். சேதி குப்பத்துக்குப் போய்விட்டது. அடுத்த ஞாயிறு நாங்கள் போனபோது இருபது முப்பது பேர் வந்து நின்றுகொண்டிருந்தார்கள். முன்னால் நின்றவள், கொள்ளி வைக்கிறீங்களா என்று கேட்ட அதே பெண். அன்றைக்கு அவளிடம் துடுக்கு இல்லை. வேறு இடம் எல்லாம் தோப்புக்காரர்கள் வளைத்துவிட்டார்கள், இதுவும் போனால் வலையை எங்கே கொண்டுபோய் விரிப்பது என்று மட்டும் கேட்டாள்.

மானேஜர் கெட்டவர் இல்லை, ஆனால் தன்னை நியாயஸ்தர் என்று நினைத்துக்கொள்கிறவர். எனக்கு யார் மேலும் பகை கிடையாது, ஆட்டத்தின் சட்டம் என்னவோ அதன்படி நடப்போம் என்றார். எடுத்து நகர்த்தக்கூடிய பொருள் என்றால் வலையை நகர்த்த வேண்டியதுதான், வேலி வரும். நகர்த்தக் கூடாத பொருள் என்றால் வலை கிடக்கட்டும், நாம் பந்தை எடுத்துப் போட்டுக்கொள்வோம். இப்படிச் சொல்லிவிட்டு நம்மவர் பக்கம் திரும்பினார்.

புத்தகத்தை எடுக்க அவர் பைக்குள் கையை விட்டார். மானேஜர் தடுத்துவிட்டார்.

“புத்தகம் எதுக்கு? மில்லுல எல்லாரும் உங்களப் பத்திச் சொல்லிட்டாங்க. நீங்க வாயால சொன்னா போதும்.”

அவர் கை பைக்குள்ளேயே இருந்தது. என் சீட்டுக்கு மேலே பென்சிலை நிறுத்துவாரே, அந்த மூச்சு மாதிரி நாலு மூச்சு இருக்கும். அவர் வலையைப் பார்த்தார். அந்தப் பெண்ணைப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. பிறகு கையை வெளியே எடுத்தார்; வெறுங்கை.

“வலை நகத்தக் கூடாத பொருள் சார். நண்டு வளை மாதிரிதான். பந்தத்தான் எடுக்கணும்.”

“நிச்சயமா?”

“ஆமா சார்.”

மானேஜர் சரி என்று சொல்லி மட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். வேலிப் பேச்சு அதோடு ஒழிந்தது. குப்பத்துக்காரர்கள் கலைந்து போனார்கள். எங்களுக்கும் நிம்மதி. அன்றைய ஆட்டத்தில் அவருக்கு ஜோடி நான்; அவர் சீட்டில் அடிகளைப் பார்த்துச் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டியவன். மட்டையைப் பையிலிருந்து உருவப் போனவர், முழங்கால் பிடித்துக்கொண்டது, நீ மற்றவர்களோடு ஆடு, நான் கூட நடந்து வருகிறேன் என்றார். அதற்குப் பிறகு அவர் மட்டையைத் தொடவே இல்லை. ஞாயிறு தவறாமல் வந்தார். எங்களோடு ஐந்து குழியும் நடந்தார், எங்கள் சீட்டுகளை எழுதினார், எங்கள் நண்டுகளுக்கு அனுமதி கொடுத்தார். முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டால் அப்படியேதான் இருக்கிறது என்பார். நடக்கிற முழங்கால் அடிக்க மட்டும் ஏன் மாட்டேன் என்கிறது என்று எனக்குத் தோன்றியதுண்டு. பெரிய மூளை எனக்கு இல்லாததால் அதோடு விட்டுவிட்டேன்.

அந்த வாரமே இன்னொன்றும் நடந்தது. அந்தக் குப்பத்துப் பெண் ஒரு முழு வஞ்சிரத்தை ஓலைப் பெட்டியில் வைத்து அவர் வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறாள். அவர் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். அவர் மனைவி என்னைப் பார்த்தபோது மனம் நொந்து சொன்னார்: “வஞ்சிரத்தத் திருப்பி அனுப்புன மகராசன எங்கியாவது பாத்திருக்கீங்களா தம்பி? காசு குடுத்து வாங்கறேன்னு சொன்னாலும் அந்தக் குப்பத்து மீனு வேணாமாம்.” லஞ்சம் என்று நினைத்திருப்பார் என்று நான் சமாதானம் சொன்னேன்.

அறுபத்தொன்றில் அவர் ஓய்வு பெற்றுக் கடலூருக்கே போய்விட்டார். ஸ்டோர் சாமான்களை ஒவ்வொன்றாக எண்ணிக் கொடுத்தார். இடது காதுப் பென்சிலையும் எடுத்து மேசை மேல் வைத்தார், அது அப்போது அரை விரல் நீளம்தான் இருந்தது. மட்டைகளையும் புத்தகத்தையும் என் பொறுப்பில் விட்டார். மானேஜரும் அதற்கு முன்பே மாற்றலாகிப் போயிருந்தார். ஆட வரும் ஆட்கள் குறைந்து, ஐந்து குழியில் மூன்று மணலில் தூர்ந்துவிட்டன.

புத்தகம் என் மேசை இழுப்பறையில் சும்மா கிடந்தது. இதற்கிடையில் ஆபீஸ் கடிதங்கள் பிரெஞ்சிலிருந்து இங்கிலீஷுக்கு மாறிக்கொண்டே வந்ததால், தலையெழுத்தே என்று நானும் இங்கிலீஷ் கற்றுக்கொண்டிருந்தேன். ஒப்பந்தக் கையெழுத்துகள் எல்லாம் முடிந்து ஊர் சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்த வருஷம், ஒரு மழை நாளில் வேலை இல்லாமல் அதைப் புரட்டினேன். முதலில் நண்டைத் தேடினேன். வளை தோண்டுகிற பிராணியின் வளை என்று இருந்தது. உள்ளே குடியிருக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை. அந்த மனுஷன் எத்தனை ஞாயிறு மணலில் படுத்திருப்பார் என்று நினைத்து வாய்விட்டுச் சிரித்தேன்.

இன்னும் கொஞ்சம் புரட்டினேன். ஒரு பக்கத்தில் ஒரு வரிக்கு அடியில் பென்சில் கோடு இருந்தது. ஆள் செய்த பொருள் எதுவானாலும், சிரமமில்லாமல் எடுக்க முடிந்தால் அதை எடுத்து அப்புறப்படுத்திவிட்டு ஆடலாம் என்பது அந்த வரி. மூன்று தடவை படித்தேன். வலையை எடுக்கலாம். தாராளமாக எடுக்கலாம். மானேஜர் பக்கம்தான் புத்தகம் இருந்திருக்கிறது.

அந்தப் பக்கத்துக்கு நடுவே ஒரு ஆட்டச் சீட்டு மடித்து வைத்திருந்தது. மேலே அவர் பெயர், அந்த ஞாயிற்றின் தேதி. ஐந்து குழிகளுக்கான கட்டங்களும் காலி. கீழே அவர் கையெழுத்தில் இரண்டு வரி: 'சட்டத்தைத் தெரிந்தே மாற்றிச் சொன்னேன். ஆட்டத்திலிருந்து விலக்கப்பட்டேன்.' அதற்கும் கீழே கையொப்பம். பக்கத்தில் சாட்சிக் கையெழுத்து போட வேண்டிய இடம் காலியாக இருந்தது. அது என் இடம்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபமும் வந்தது. எங்களுக்கெல்லாம் காபி கொடுத்துத் திருத்தி அனுப்பிய மனுஷன், தனக்கு மட்டும் ஆயுள் தண்டனை கொடுத்துக்கொண்டு, முழங்கால் வலி என்று எங்களை ஏமாற்றிக்கொண்டு ஐந்து குழியும் நடந்திருக்கிறார். அந்த ஞாயிறே கடலூர் பஸ் ஏறினேன்.

மஞ்சக்குப்பத்தில் சின்ன ஓட்டு வீடு. அவர் மனைவிதான் கதவைத் திறந்தார். “இந்த ஊருக்கு வந்தப்புறம் நீங்கதான் மொத ஆளு” என்றார். இந்தத் தடவை தப்பு என்னுடையது இல்லை என்றேன். அவர் உள்ளே உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். வலது காதில் பென்சில் இருந்தது. இடது காது காலி.

சீட்டை அவர் முன்னால் வைத்தேன். அவர் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. சாட்சிக் கையெழுத்து போடத்தான் வந்தேன் என்று சொல்லி அவர் காதிலிருந்து நானே பென்சிலை உருவினேன். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் 'சும்மா எடுப்பு' என்று எழுதி அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

“அந்த வலைய நீங்களா கொண்டாந்து விரிச்சீங்க, சார்? தானா வந்ததா, நாம செஞ்சதா?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சமையல்கட்டு வாசலில் நின்ற அவர் மனைவி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாவுக்கும் அன்றைக்குத்தான் வஞ்சிரம் போன வழி புரிந்திருக்க வேண்டும். கடைசியில் நம்மவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“வலை தானா வந்தது. பொய்யி நான் செஞ்சது” என்றார். சீட்டை என் பக்கம் தள்ளி, “சும்மா வேணாம்பா. ஒரு அடி தண்டம் போட்டுக்க” என்றார்.

ஆயுள் தண்டனையிலிருந்து ஒரு அடிக்கு இறங்கி வந்தாரே, அது போதாதா. நான் சீட்டில் ஒரு அடி என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். அடுத்த ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார்.

மிச்சம் இருந்தது இரண்டே குழி. மணல்வெளி முழுக்க வலைகள் விரித்துக் கிடந்தன. கருவாட்டுப் பெண்களும் இருந்தார்கள். நாலு வருஷத்துக்குப் பிறகு அவர் அடித்த முதல் அடி கோணலாகப் போய் வலையில் விழுந்தது. எடுத்தார். குழியைப் பார்த்து நிமிர்ந்து நின்றார். பந்தைத் தோளுக்கு மேலே கொண்டுபோனார்.

“யாருக்கு ஐயா கொள்ளி?” என்று அந்தப் பக்கமிருந்து பழைய குரல் கேட்டது. அவருக்கு உதடு துடித்தது, ஆனாலும் திரும்பவில்லை. பந்தை விட்டார்.

பந்து விழுந்து, உருண்டு, நேராக ஒரு வளைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. என்ன ராசியோ. அவர் திரும்பிப் பார்த்தார். குப்புறப் படுக்கலாம் என்று குனிந்தவர் பாதியில் நின்றுவிட்டார். இந்தத் தடவை முழங்கால் நிஜமாகவே பிடித்துக்கொண்டது.

“வளையில நண்டு இருக்கா பாருப்பா” என்றார்.

குடியிருக்க வேண்டியதில்லை, புத்தகத்தில் அப்படி இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் போன ஞாயிறுகள் எல்லாம் வீண் என்று ஆகிவிடும். நான் மணலில் படுத்து, ஒரு கண்ணை மூடி, மற்ற கண்ணை வளையில் வைத்துப் பார்த்தேன்.

“இருக்கு சார்.”

“எடுத்துக்கலாமா?”

“எடுத்துக்கங்க.”

தன் நண்டுக்கு இன்னொருத்தர் வார்த்தையை அவர் நம்பியது அந்த ஒரு தடவைதான். பந்தை எடுத்துத் தோளுக்குப் பின்னால் போட்டு, நாலே அடியில் குழிக்குள் தள்ளினார். பிறகு தென்னை நிழலில் உட்கார்ந்து ஒரு இளநீர் குடித்துவிட்டு, சந்தோஷமாகக் கடலூர் பஸ் ஏறினார். வழக்கப்படி நான் அன்றைக்கே பின்னாலேயே போய், காபி குடித்துவிட்டு உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. அவர் போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகிறது. அவருக்கு நிஜமாகவே கொள்ளிக்குடம் உடைத்த அன்றைக்கும் நான் பக்கத்தில் நின்றுகொண்டு சொல்லவில்லை.

வளை காலியாகத்தான் இருந்தது சார். எனக்கு ஒரு அடி தண்டம். எழுதிக்கொள்ளுங்கள்.